அடங்கலில் அடங்காத சனங்கள்

வெள்ளம் வந்தால் சாதி பார்க்காது என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளம் பார்க்காமல் இருக்கட்டும். வெள்ளம் வடிந்த பிறகு நோட்டும் பேனாவுமாக வருகிறார்களே, அவர்கள் கையில் இருக்கிற நோட்டு பார்க்கும். அந்த நோட்டில் எத்தனை கட்டம் போட வேண்டும், எந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்பு என்பதை நேற்றைக்கு வந்த அதிகாரி முடிவு செய்யவில்லை. அவனுக்கு அப்பன், பாட்டன் காலத்திலேயே முடிவாகிவிட்டது. அந்தக் கட்டங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புள்ளிவிவரம் என்றால் நம்மாட்களுக்கு அலுப்பு. கவிதை கேட்போம், பறை கேட்போம், கூட்டத்தில் கை தட்டுவோம். அடங்கல், சிட்டா என்றால் கொட்டாவி வந்துவிடும். அந்தக் கொட்டாவியில்தான் ஆதிக்க சாதிகள் நூறு வருஷமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரு பகல் ஒரு ராத்திரியில் தலையில் கொட்டியது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லி அடித்துப்போய், சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. ஏறத்தாழ 800 பயணிகள். இந்தியா முழுக்க இருந்த டெலிவிஷன் பெட்டிகள் அந்த ரயிலையே காட்டிக்கொண்டிருந்தன. ஹெலிகாப்டர் வந்தது, பொட்டலம் போட்டது. ரயிலில் வந்தவர்கள் மனுஷர்கள்தான், அவர்கள் தவித்ததும் நிஜம்தான். பக்கத்து ஊர் சனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள், அதுவும் நிஜம். ஆனால் அதே ராத்திரியில் ஆற்றங்கரை ஓரத்திலும் வாய்க்கால் கரை ஓரத்திலும் கழுத்தளவு தண்ணீரில் நின்ற சேரிகளுக்கு யாரிடமும் டிக்கெட் இல்லை. டிக்கெட் இருந்தால்தானே எத்தனை பேர் என்று எண்ண முடியும்? ரயிலில் 800 பேர் என்று உடனே சொல்ல முடிந்த தேசம் இது. எத்தனை சேரிகள் முங்கின என்று சாதிவாரியாக, தெருவாரியாகச் சொல்லும் ஒரு தாளை இதுவரை நான் எந்த அரசு அறிக்கையிலும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு சண்டை நடந்தது. வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது சென்னை. 12ஆம் தேதியிலிருந்தே சொல்லியிருந்தோமே என்றது டில்லி. மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை என்று கலர் கலராகப் பேசினார்கள். இரண்டு பேருமே ஒரு கேள்வியைத் தொடவில்லை. எந்தக் கலராக இருந்தால் என்ன, அது சேரிக்கு எப்படி வந்து சேரும்? முந்தியெல்லாம் ஊருக்குச் சேதி சொல்ல எங்கள் ஆள்தான் தமுக்கை மாட்டிக்கொண்டு போவான். ஏரி உடைந்தாலும் சரி, துரை வந்தாலும் சரி, வரி கட்டச் சொன்னாலும் சரி, தண்டோரா போடுகிறவன் தோட்டியாகவும் வெட்டியானாகவும்தான் இருந்தான். அது இழிவு. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதை நிறுத்த வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது, நாம் வரவேற்றோம். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொல்லலாம் என்றார்கள். நல்லது. ஒலிபெருக்கி வண்டி எந்தத் தெருவுக்குள் வரும்? தார் போட்ட ரோட்டோடு போய்த் திரும்பிவிடும். ஆக, ஊருக்கெல்லாம் சேதி சொன்னவன் தெருவுக்குத்தான் சேதி கடைசியில் வருகிறது, அதுவும் தண்ணீரே வந்து சொன்ன பிறகு.

இனி நிவாரணத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டம் உள்ளிட்ட தாலுகாக்களில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். கொடுக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரேஷன் கார்டுக்கு நிலம் தேவையில்லை, ஆகையால் நம் சனங்களுக்கும் வந்தது. அடுத்து, முப்பத்துமூன்று சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். பல்லாண்டுப் பயிருக்கும் மரத்துக்கும் 22,500. மாடு செத்தால் 37,500. ஆடு செத்தால் 4,000. சேதமான குடிசைக்கு 10,000. பழைய தொகையை விடக் கூட்டித்தான் கொடுத்தார்கள். இந்தப் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். நெல் இருக்கிறது. வாழை இருக்கிறது. மாடு இருக்கிறது, ஆடு இருக்கிறது. வயலில் இறங்கி நாற்றுப் பிடுங்கி, நட்டு, களை எடுத்து, அறுத்துக் கட்டுகிறவளின் போன வேலைக்கு என்ன தொகை? அந்த வரி இல்லை. பிசான நடவு வெள்ளத்தில் போனால் பட்டாதாரனுக்குப் பயிர் போகிறது. கூலிக்காரிக்கு அந்தப் பயிரோடு களையெடுப்பு போகிறது, அறுப்பு போகிறது, களத்தில் கிடைக்கிற நெல் போகிறது, மாட்டுக்கு வைக்கோல் போகிறது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். தை பிறந்தது, வேலைதான் பிறக்கவில்லை. இது நஷ்டம் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்குக் கட்டம் இல்லை.

கூலிக்காரரை விடுங்கள். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் வைத்தவர்கள் கதை இன்னும் மோசம். எனக்குப் பெரியம்மா முறையில் ஒருத்தி. மடத்து நிலமா, கோயில் நிலமா, பிள்ளைமார் நிலமா என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அவள் இன்னமும் அதே வயலில்தான் இறங்க வேண்டும். பதினைந்து வருஷமாக வாய்வார்த்தைக் குத்தகை. விதை அவளுடையது, டிராக்டர் கூலி அவளுடையது, உரம் கடன். வெள்ளம் வடிந்து கணக்கெடுக்க வந்தார்கள். அவள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அவளே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வந்தாவ, பாத்தாவ, போட்டா புடிச்சாவ. ஏம்மா, நெலம் யாரு பேர்ல இருக்குன்னு கேட்டாவ. மொதலாளி பேர்ல இருக்கு, பயிரு நான்தான் சாமி வச்சிருக்கேன்னேன். அப்ப அவரை வரச் சொல்லுன்னாவ. அவரு கோயமுத்தூர்ல மவன் வீட்ல இருக்காருன்னேன். சரி நீ போன்னுட்டாவ. நா எங்க போவ? நா நிக்குதது எங் கதிருல்லா."

பணம் கோயமுத்தூருக்குப் போனது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வருஷத்துப் பாட்டத்தைத் தள்ளிக் கொடுக்கச் சொல்லி இவள் போனில் கெஞ்சினாள். பாதி தள்ளினாராம். "நல்ல மனுசன்" என்கிறாள். இவளுடைய பயிருக்கு வந்த பணத்தை வாங்கிக்கொண்டு இவளுக்கே பாதிப் பாட்டத்தைத் தள்ளிக்கொடுத்தவன் நல்ல மனுஷன். பெரியம்மாவிடம் நான் வாதாடவில்லை. உங்களிடம்தான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அதிகாரியையும் நான் திட்டப்போவதில்லை. அவர் கையில் இருந்தது அடங்கல். கிராமக் கணக்கு எண் 2 என்று அதற்குப் பெயர். எந்தச் சர்வே எண்ணில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர் என்று சொல்லும் கணக்கு. பயிர்ச் சேதம், பயிர் இன்சூரன்ஸ், சொசைட்டிக் கடன், நெல் கொள்முதல், எல்லாமே அந்த ஒரு தாளில் போய் முட்டி நிற்கும். வெள்ளைக்காரன் வரி வசூலிப்பதற்காகச் சீர்செய்த கணக்கு அது. அவனுக்கு யார் உழைக்கிறான் என்று தெரிய வேண்டியிருக்கவில்லை, யார் வரி கட்டுவான் என்று தெரிந்தால் போதும். அதை எழுதிய கை கர்ணத்தின் கை. தாமிரபரணிக் கரையில் கர்ணம் யார் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நஞ்சை யார் கையில் இருந்ததோ கணக்கும் அதே கைகளில்தான் இருந்தது. 1980ஆம் வருஷம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரைக் கர்ணம், மணியம் வேலைகளை ஒழித்தார்கள். பெரிய காரியம்தான். பரீட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் கர்ணம் போனாரே தவிர, கர்ணம் போட்ட கணக்கு போகவில்லை. நம் பிள்ளையே உட்கார்ந்து எழுதினாலும் பட்டாதாரன் பெயரைத்தான் அதில் எழுதுகிறான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1955ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்களே, அதற்கு மறு வருஷம், 1969ல், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்கிற சட்டம். சட்டப்படி வாய்வார்த்தைக் குத்தகைக்காரனும் தன் பெயரைப் பதிந்துகொள்ள முடியும். ஆனால் பதியப் போனவனுக்கு அடுத்த பூவுக்கு நிலம் இருக்காது. இது தெரிந்துதான் யாரும் போவதில்லை. யாரும் பதியவில்லை, ஆகையால் குத்தகைக்காரர்களே அதிகம் இல்லை என்று கணக்குச் சொல்லும். கணக்கில் இல்லாததால் அவர்களுக்கென்று திட்டம் இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இந்த ஏற்பாடு டில்லி வரைக்கும் போகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வேளாண்மைக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடத்துகிறார்கள். அதில் 'கைப்பற்று' என்றால் என்ன என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருந்தாலும் கவலையில்லை, சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்பதும் கவலையில்லை, யார் பயிர் செய்கிறானோ அவன் கைப்பற்று என்று எண்ண வேண்டும். படித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. அம்பேத்கர் வீட்டுப் பிள்ளை யாரோ எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் தெரிகிறது சங்கதி. நிலப் பதிவேடுகள் ஒழுங்காக இருக்கிற மாநிலங்களில் வீடுவீடாகப் போக வேண்டியதில்லை, பதிவேட்டிலிருந்தே எடுத்து அட்டவணை போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாடு அப்படிப்பட்ட ஒழுங்கான மாநிலங்களில் ஒன்று. ஆகையால் விளக்கத்தில் உழுகிறவன் விவசாயி, அட்டவணையில் பட்டாக்காரன் விவசாயி. ஒரே புத்தகத்துக்குள் இரண்டும்.

அந்த ஓட்டைக் கணக்கே என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2015-16 கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் உள்ள கைப்பற்றுகளில் பட்டியல் சாதியாருடையது நூற்றுக்கு ஏறத்தாழ 12. பரப்பளவில் பார்த்தால் நூற்றுக்கு 9ஐத் தொடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாம் இந்தியாவில் நூற்றுக்கு 16.6, தமிழ்நாட்டில் 20. வேலை செய்கிற தலித்துகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் விவசாயக் கூலிகள் என்று அதே 2011 கணக்கு சொல்கிறது. 2021ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கவே இல்லை. பழைய தாளை வைத்துக்கொண்டு புதிய திட்டம் போடுகிறார்கள்.

2019ல் வந்த பிரதமர் கிசான் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. யாருக்கு? நிலம் வைத்திருக்கிற விவசாயக் குடும்பத்துக்கு. நிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நிலமே இல்லாதவன் அதிகம் ஏழையா, நிலம் இருக்கிறவன் அதிகம் ஏழையா என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் ஏழைக்கு என்று சொல்லவில்லையே, விவசாயிக்கு என்றுதானே சொன்னோம் என்பார்கள். சரி, கடைந்தெடுத்த கணக்காவது வைத்திருந்தார்களா? 2020ல் இதே தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கான பேர் உள்ளே புகுந்து நூறு கோடிக்கு மேல் வாங்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். நிலமே இல்லாத புரோக்கர் கணக்கு நுழைய முடிந்த கதவுக்குள் வரப்பில் நிற்கிற என் பெரியம்மாவால் நுழைய முடியவில்லை.

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு என்று விவசாயக் கல்லூரிப் பிள்ளைகளைச் செல்போனும் கையுமாக வயலுக்குள் இறக்கிவிட்டார்கள். சேற்றில் விழுந்து எழுந்து, பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. 2025லிருந்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண். அந்த எண்ணும் நிலப் பதிவேட்டின் மேல்தான் கட்டப்படுகிறது. பட்டாவைக் கொண்டு வா, ஆதாரைக் கொண்டு வா, எண்ணை வாங்கிக்கொள். இனிமேல் எந்த மானியமும் இந்த எண்ணைக் கேட்கும். பழைய அடங்கல் காகிதத்தில் இருந்தபோது, ஒரு நல்ல மனம் படைத்த கிராம அலுவலர் பென்சிலால் ஓரத்தில் பயிர் வைத்தவன் பெயரைக் குறித்துக் கொடுத்த கதைகள் உண்டு. செல்போனில் ஓரம் கிடையாது.

அரசாங்கம் கணக்கு மட்டுமா எடுக்கிறது, யோசனையும் சொல்கிறது. அந்த யோசனைகளைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நல்ல கல்லூரி, நல்ல ஆராய்ச்சி, குறை சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. நான் தமிழ் எம்.ஏ. எனக்குத் தெரிந்தது சொல். வேளாண்மை அறிவுரைகள் எப்படித் தொடங்கும்? "விவசாயப் பெருமக்களே." ரேடியோவிலும் அப்படித்தான், துண்டுத் தாளிலும் அப்படித்தான். ஏக்கருக்கு இவ்வளவு மில்லி, பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து, கைத்தெளிப்பானால் காற்று வீசும் திசையில் தெளிக்கவும். தெளிக்கவும் என்றால் யார் தெளிக்கவும்? பெருமக்களா தெளிக்கிறார்கள்? பெருமக்கள் வரப்பில் குடையோடு நிற்பார்கள். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவன் வேறு ஆள். மருந்துப் பாட்டிலில் முக்கோணம் போட்டிருப்பார்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. 1971ஆம் வருஷத்துப் பூச்சிமருந்து விதிகளில் தெளிக்கிறவனுக்குக் கையுறை, மூக்குமூடி, காலணி எல்லாம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் நான் பார்த்த வயல்களில் கையுறை போட்டு மருந்தடித்த கூலிக்காரன் ஒருத்தனைக் காட்டினால் அவனுக்கு நான் மாலை போடுகிறேன். பாட்டில் நிலக்காரன் வீட்டில் இருக்கும். கலக்கின தண்ணீர்தான் இவனிடம் வரும். முக்கோணத்தின் கலர் அவனுக்கு எப்படித் தெரியும்? வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் முதலில் கேட்பது "என்ன மருந்து?" "தெரியல சார், வெள்ளையா இருந்துச்சு." அறிவுரையை விவசாயிக்குச் சொல்லிவிட்டார்கள். விஷத்தைச் சுமக்கிறவனை விவசாயி என்று அவர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை.

கடலோரத்திலும் இதே கதைதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் என்ன நடந்தது? பாதிக்கப்பட்டவர் என்றால் படகு இழந்தவர், வலை இழந்தவர் என்று கணக்கு. மீனவ சனங்கள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல, அவர்கள் பிணங்களை எண்ணி முடிக்கவே நாளானது. ஆனால் கடற்கரையை ஒட்டி மீன் சுமந்தவர்கள், கருவாடு காயப்போட்டவர்கள், உப்பளத்தில் இறங்கியவர்கள், உப்புத்தண்ணீர் ஏறிய வயலில் கூலிக்கு நின்றவர்கள், இந்தத் தலித்துகள் படகு இல்லாதவர்கள். படகு இல்லை என்பதால் படகு போகவில்லை, ஆகையால் பாதிப்பு இல்லை. முகாம்களில் தனியாக உட்காரவைத்ததும், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாததும் அப்போதே பதிவாகியிருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் இன்றைக்கும் அந்தச் சிக்கல் தீரவில்லை. உப்பை அரசாங்கம் விவசாயத்தில் சேர்க்கவில்லை, அதைத் தொழில் துறையில் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே வெயிலையும் மழையையும் நம்பித்தான் வேலை. கால் புண்ணாகி நிற்கிறவளுக்கு எந்தத் துறை சொந்தம் என்று அவளுக்கே தெரியாது.

சுற்றுச்சூழல் தோழர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையில் மண் மேடாகிக் கிடந்ததைத் தூர்வார வேண்டும் என்று பல வருஷம் போராட்டம் நடந்து, 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு வேலை தொடங்கியது. நாமும் ஊர்வலம் போனோம். போகத்தான் வேண்டும். தாமிரபரணியின் எட்டு அணைகளில் கடைசி அணை இது, வடகால் தென்கால் இரண்டும் சேர்த்து 25,560 ஏக்கர் பாசனம் என்று பொதுப்பணித் துறைக் கணக்கு. மொத்தத் தாமிரபரணிப் பாசனம் 86,107 ஏக்கர். ஏக்கரைக் கடைசி ஏழு ஏக்கர் வரைக்கும் சுத்தமாகச் சொல்லுகிறார்கள் பாருங்கள்! அந்த 86,107 ஏக்கரிலும் மடை திறந்து, வாய்க்கால் பிரித்து, ராத்திரி அரிக்கன் விளக்கோடு வரப்பில் நடந்து தண்ணீர் பாய்ச்சியவர்கள் எத்தனை பேர்? மடைக்குடும்பன் என்றும் நீர்பாய்ச்சி என்றும் நம் பாட்டன்மாரைச் சொன்னார்கள். எந்த மடையில் எந்த நேரத்தில் எத்தனை விரற்கடை தண்ணீர் நிற்கும், எந்தக் கரை முதலில் உடையும், வெள்ளம் வந்தால் எந்த ஷட்டரை முதலில் தூக்க வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். களத்தில் அளந்து போடும் நெல்தான் சம்பளம். பொதுப்பணித் துறை வந்தது, லஸ்கர் வந்தார், இப்போது நீர்வளத் துறை. பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்கட்டும் என்று 2000ல் ஒரு சட்டம் போட்டு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்கச் சொன்னார்கள். அந்தச் சங்கத்தில் ஓட்டு யாருக்கு? ஆயக்கட்டில் நிலம் உள்ளவனுக்கு. தண்ணீரை அறிந்தவனுக்கு ஓட்டில்லை, தண்ணீர் வரி ரசீது வைத்திருப்பவனுக்கு ஓட்டு. 2023 டிசம்பர் ராத்திரியில் எந்தக் கரை உடையும் என்று எங்கள் தெருவில் இருக்கிற எண்பது வயதுக் கிழவர் ஒருத்தர் சாயங்காலமே சொன்னார். அவரிடம் கேட்க எந்த எச்சரிக்கை மையத்திலும் ஆள் இல்லை.

அப்புறம் நீர்நிலை ஆக்கிரமிப்பு. வெள்ளம் வந்தாலே கோர்ட்டுக்கும் கலெக்டருக்கும் ஞாபகம் வருவது குளத்தங்கரைக் குடிசைகள்தான். அந்தக் குடிசைகள் ஏன் குளத்தங்கரையில் இருக்கின்றன? ஊர் நத்தத்தில் இடம் விட்டீர்களா? ஊருக்கு மேட்டு நிலம், சேரிக்குப் பள்ளம், பள்ளம் நிரம்பினால் சேரி ஆக்கிரமிப்பு! திருநெல்வேலிப் புது பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்துக்கு வேய்ந்தான்குளம் என்று பெயர். பெயரிலேயே குளம் இருக்கிறது. அதை இடிக்கச் சொல்லி யாராவது வழக்குப் போட்டால் நானும் சாட்சிக்கு வருகிறேன்.

இந்த ஆற்றுக்கும் நமக்கும் வேறு ஒரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் ஆற்றுக்குள் விரட்டி அடித்தது. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள், பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்று அறிக்கை வந்தது. தடியடிக்குப் பயந்து தண்ணீரில் இறங்கினவன் தண்ணீரால் செத்தான் என்று எழுதுவதற்கும், வாரக்காரியின் பயிரைப் பட்டாதாரன் பயிர் என்று எழுதுவதற்கும் ஒரே பேனாதான்.

இடதுசாரித் தோழர்கள் கோபப்படுவார்கள். விவசாயி, கூலி என்று பிரிக்காதீர்கள், எல்லோரும் விவசாயிகள், ஒன்றாகப் போராட வேண்டும் என்பார்கள். ஒன்றாகத்தான் போராடினோம் தோழர், தூர்வாரச் சொல்லி ஒன்றாகப் போராடினோம், நஷ்டஈடு கேட்டு ஒன்றாக மறியல் செய்தோம். நஷ்டஈடு வந்தபோது மட்டும் ஏன் தனித்தனியாகப் போய்விட்டோம்? மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்து அடி வாங்கியவனின் பாஸ்புக்கையும், பின்வரிசையில் நின்றவனின் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

நம் ஆட்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2021ல் பாராளுமன்றத்தில் சட்டம் திருத்தி, ஏழு பிரிவுகளையும் சேர்த்துத் தேவேந்திரகுல வேளாளர் என்று பெயர் மாற்றினார்கள். வெடி போட்டோம், இனிப்புக் கொடுத்தோம். இழிவாகக் கூப்பிட்ட பெயர் போனதில் எனக்கும் சந்தோஷம். நெல்லை நட்டவன் வேளாளன் இல்லாமல் வேறு எவன் வேளாளன்? ஆனால் பாராளுமன்றத்தில் வேளாளர் ஆன என் சித்தப்பா அடங்கலில் யாருமே இல்லை. வேளாளர் என்று சாதிச் சான்றிதழ் கொடுத்த அதே தாலுகா ஆபீஸ், நீ வேளாண்மை செய்கிறாய் என்பதற்குச் சான்று கொடுக்காது. பெயருக்காகக் கூடின கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது 1969ஆம் வருஷத்துச் சட்டத்துக்காகக் கூடியிருந்தால் என்ன? பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் 1994ல் குண்டடிபட்டுச் செத்தார்களே, அவர்கள் எந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு போராடினார்கள்? ட்ரெமன்ஹீர் என்கிற வெள்ளைக்காரக் கலெக்டர் 1891ல் எழுதிய அறிக்கையையும், அதன் பேரில் 1892ல் வந்த அரசாணையையும்தான். சேரியைச் சுற்றி வந்து, யாருக்கு நிலம் இல்லை, ஏன் இல்லை என்று ஒருத்தன் எழுதி வைத்ததால் நூறு வருஷம் கழித்தும் கேட்க முடிந்தது. எழுதிவைக்காத எத்தனையோ சேரிகளின் கதை காற்றோடு போய்விட்டது.

ஆகவே எங்கள் பக்கத்தில் இளைஞர்கள் சிலர் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். நூறு பக்க நோட்டு. அரசாங்கத்தைப் போலவே கட்டம் போட்டிருக்கிறோம். சர்வே எண், பட்டாதாரர் பெயர், உண்மையில் பயிர் வைத்திருப்பவர் பெயர், எத்தனை வருஷமாக, பாட்டம் எவ்வளவு, வாய்வார்த்தையா எழுத்தா. அடுத்த பக்கத்தில் அந்த வயலில் ஒரு பூவுக்கு எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்கிறார்கள், வெள்ளத்தில் எத்தனை நாள் போனது, களத்து நெல் எத்தனை மரக்கால் போனது. மருந்தடித்தவர்கள் பெயர் தனியாக, என்ன மருந்து, என்ன கலர் முக்கோணம். செத்த ஆடுகள், காட்டுவதற்கு உடல் கிடைக்காமல் வெள்ளத்தில் போன ஆடுகள். முதலில் பெயர் கொடுக்கவே பயந்தார்கள். "எழுதிட்டா நெலத்தப் புடுங்கிருவாவ தம்பி" என்றார்கள். நியாயமான பயம். ஆகையால் பயிர் வைத்தவர் பெயர்களை ஒரு நோட்டிலும், வேலைநாள் கணக்கை இன்னொரு நோட்டிலுமாகப் பிரித்துக்கொண்டோம். முதல் நோட்டு இப்போதைக்கு வெளியே வராது. ஒரு ஊரில் எல்லாக் குத்தகைக்காரர்களும் ஒரே நாளில் மனுப் போடச் சம்மதிக்கும்போதுதான் அந்த ஊர்ப் பக்கம் திறக்கப்படும். ஒருத்தன் போனால் நிலத்தைப் பிடுங்கலாம். நாற்பது பேர் போனால் நடவுக்கு ஆள் வேண்டுமல்லவா?

இரண்டாவது நோட்டோடு ஜமாபந்திக்குப் போகிறோம். வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் பந்தல் போட்டு, கிராமக் கணக்குகளையெல்லாம் மேசையில் அடுக்கி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். பசலிக் கணக்கை முடிக்கிற நாள். முதியோர் பென்ஷனுக்கும் பட்டா மாறுதலுக்கும் மட்டும்தான் நம் சனங்கள் அங்கே போவது வழக்கம். இந்தத் தடவை கணக்கையே கேட்கப் போகிறோம். இந்தக் கிராமத்து அடங்கலில் பட்டாதாரரும் பயிர் வைத்தவரும் வேறு வேறு என்று எத்தனை சர்வே எண்ணுக்கு எழுதியிருக்கிறது, 2023 வெள்ள நிவாரணம் எந்தெந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது, விவசாயி அடையாள எண் வாங்கியவர்களில் பட்டியல் சாதியார் எத்தனை பேர். மூன்றே கேள்வி. உங்கள் தாலுகாவிலும் இதே மூன்றையும் கேளுங்கள். மனுவை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பிரதியில் தேதியும் சீலும் வாங்காமல் பந்தலை விட்டு வெளியே வராதீர்கள். நாளைக்கு வா என்றால், பந்தல் பிரிக்கிறவரைக்கும் அங்கேயே உட்காருங்கள். தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள்.